வலிக்காத கால்

வலது கால். இடது கால். வலது கால். நத்தம் தாண்டினதிலிருந்து நான் வேற எதையும் பார்க்கவில்லை. ரெண்டு பக்கமும் மாந்தோப்பு, பூ பிடிச்சிருக்கு, வாசம் வருது, தலையைத் தூக்கிப் பார்க்கலாம்னு இருக்கு, ஆனா தூக்கினால் அந்த நேரம் பார்த்து ஏதாவது நடந்துவிடும். அப்பா வலது காலைத் தூக்கும்போது அடிப்பாதம் ஒரே ஒரு நொடி தெரியும். அந்த நொடிக்காகத்தான் கூன் விழுந்த மாதிரி பின்னாடியே வருகிறேன். விடியக்காலையில் மண்டபத்துக் குழாயடியில் அவர் கால் கழுவும்போது பச்சையா என்னமோ மின்னியது. குனிஞ்சு பார்த்தால் பாட்டில் கண்ணாடி. கட்டைவிரல் நகம் அளவு இருக்கும். நல்லா உள்ளே போய்ப் படுத்திருந்தது. எப்போ குத்தினதுன்னு கேட்டேன். "எது?"ன்னார். எதுவாம். ரெண்டு விரலால் பிடிச்சு இழுத்தேன், வந்துவிட்டது, கூடவே ரத்தமும் கலங்கலா ஒரு தண்ணியும் வந்தது. அவர் முகத்தில் ஒண்ணுமே இல்லை. அடுத்தவன் சட்டைப்பையிலிருந்து விழுந்த சாமானைப் பார்க்கிற மாதிரி அந்தக் கண்ணாடியைப் பார்த்தார். "யார்ட்டயும் சொல்லாத சாமி"ன்னார். என்னைத்தான் சாமின்னார். மாலை போட்டுவிட்டால் எல்லாரும் எல்லாருக்கும் சாமி. மார்கழி ஒண்ணாம் தேதியிலிருந்து எனக்கு அப்பா கிடையாது, சோலைமலை சாமி என்கிற ஒரு சாமிதான் இருக்கார், அவருக்கும் மோனிஷான்னு ஒரு மகள் கிடையாது. என் ஷாலைக் கிழிச்சு அந்தக் காலில் கட்டு போட்டேன். கிளம்பி அரைமணி நேரத்தில் பார்க்கிறேன், கட்டைக் காணோம். அவிழ்ந்து விழுந்துருச்சு போலன்னார். அவிழாது. நான் போட்ட கட்டு அவிழாது. நாலு மாசமா நான் அதைத்தானே செய்றேன்.

எனக்குக் கெமிஸ்ட்ரி தெரியாது, இங்கிலீஷில் ஒரு லீவ் லெட்டர் ஒழுங்கா எழுத வராது, ஆனா கால் தெரியும். திருப்பத்தூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸிங் ரூமில் வேலை. பஞ்சு வெட்டணும், தட்டு பிடிக்கணும், வாளியைக் கொண்டுபோய்க் கொட்டணும். வர்ற காலில் முக்கால்வாசி சர்க்கரைக் கால். ஒருத்தர் செருப்புக்குள் பேனா மூடியோடு நாலு நாள் நடந்துவிட்டு வந்தார். நாலு நாள். மூடி உள்ளே அச்சுப் பதிஞ்சு கிடக்கு, அவர் என்னடான்னா பேப்பர் படிச்சிட்டு உட்கார்ந்திருக்கார். அந்த வாடை எனக்குத் தெரியும், ஊறப்போட்ட அரிசி புளிச்ச மாதிரி, அதுக்குள்ளேயே ஒரு இனிப்பு. முதல் தடவை ஒரு விரல் போச்சு அவருக்கு. அடுத்த தடவை பாதி பாதம். மூணாம் தடவை வரும்போது கைலியை ஒரு பக்கம் மடிச்சு ஊக்குப் போட்டு வச்சிருந்தார், என்கிட்ட, பாப்பா கொஞ்சம் தண்ணி குடுன்னு சாதாரணமாகக் கேட்டார். நான் தண்ணி கொடுத்துவிட்டு வெளியே போய் வாந்தி எடுத்தேன். இதெல்லாம் யோசிக்கக் கூடாதுன்னுதான் காலை மட்டும் பார்க்கிறேன், ஆனா காலைப் பார்த்தால் வேற எது யோசனை வரும். வலது கால். அதோ. ஓரத்தில் கருப்பாகத் தெரியுது. தாரா, ரத்தமா? தார்தான். இல்லை. தார் இப்படிக் காயாது.

எங்க கூட்டத்தில் ஒரு சட்டம் இருக்கு. வலிக்குதுன்னு வாயில் வரக்கூடாது. வெள்ளக்கண்ணு குருசாமி கிளம்புற அன்னிக்கே சொல்லிவிட்டார். வலின்னு சொன்னால் வலி நம்மகூடவே பழனி வரைக்கும் நடந்து வருமாம், அதனால் வலிச்சால் முருகான்னு சொல்லணும். முப்பத்திரண்டு பேரும் இப்போ முருகா முருகான்னுதான் போயிட்டிருக்காங்க. வேற கூட்டத்துக்காரன் பார்த்தால், அடடா என்ன பக்தின்னு நினைப்பான். பக்தியெல்லாம் இல்லை, கொப்புளம். எனக்குப் பின்னாடி வர்ற பாண்டியம்மா சாமி ஜல்லியை மிதிச்சு, "முருகா, ஒன் ரோட்டுல இடி விழ"ன்னு சொன்னதை நானே கேட்டேன். குருசாமிகூட, பதினெட்டு வருசம் நடந்த ஆள், ரெண்டு குதிகாலும் உருளைக்கிழங்கு மாதிரி வீங்கி, ஒவ்வொரு மைல்கல்லுக்கும் பல்லைக் கடிச்சிட்டு ஒரு முருகா சொல்றார். நான் எத்தனை சொன்னேன்னு எனக்கே தெரியாது. எங்கப்பா ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மூணு நாளா, ஒரு முருகாகூட இல்லை. முதல் நாள் யாரும் கவனிக்கவில்லை. நேத்து மத்தியானம் கவனிச்சாங்க. நேத்துச் சாயங்காலத்துக்குள் கூட்டத்துக்கே தெரிஞ்சுபோச்சு, சோலைமலை சாமிக்கு வலிக்கவே மாட்டேங்குது, முருகன் வலியை எடுத்துக்கிட்டான். அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவர் உட்கார்ந்தால் துண்டு விரிக்கிறாங்க. அன்னதானப் பந்தலில் முதல் இலை அவருக்குத்தான், அதில் சர்க்கரைப் பொங்கல் ரெண்டு கரண்டி அதிகம். சர்க்கரை வியாதிக்காரருக்குச் சர்க்கரைப் பொங்கல்! நான் இலையைப் பார்த்து வேண்டாம் வேண்டாம்னு கையை ஆட்டுகிறேன், பரிமாறுகிற ஆள் என்னமோ நான் பொறாமைப்படுகிற மாதிரி, "பாப்பாவுக்கும் வருது, பொறு பொறு"ங்கிறார். அப்பா சாப்பிட்டார். பிரசாதமாம், மறுக்கக் கூடாதாம்.

எதுக்கு இந்த நடை? யாருக்காக? அம்மா சொல்லுது, எல்லாம் ஒனக்காகத்தான்டி, நீ திரும்பப் பள்ளிக்கூடம் போகணும்னு வேண்டிக்கிட்டாரு. அவர் சொல்லவில்லை. கேட்டால் வேண்டுதலை வெளியே சொல்லக் கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டார். எனக்காகன்னா நான் கேட்கவே இல்லையே. என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து யாரும் விரட்டவில்லை, நானே நின்னேன். ஏன் நின்னேன்னு எல்லாருக்கும் தெரியும், எங்க வீட்டில் மட்டும் யாரும் பேச மாட்டோம். அப்பா மினிபஸ் டிரைவர். அதே பஸ்ஸில்தான் நான் ஸ்கூலுக்குப் போவேன், இன்ஜின் மூடி மேல் உட்கார்ந்து, சூடு ஏறும், புத்தகப்பையைக் கீழே வச்சுப்பேன். போன ஆனியில் ஸ்டாண்டில் வண்டியைத் திருப்பும்போது நேரா டீக்கடைக்குள் விட்டார். பெஞ்சு போச்சு, பாய்லர் போச்சு, நல்லவேளை ஆள் யாருக்கும் ஒண்ணும் ஆகவில்லை. அன்னிக்கு நான் காய்ச்சல்னு வீட்டில் இருந்தேன். முதலாளி கேட்டதுக்கு, கண்ணசந்துட்டேன்னு சொன்னாராம். காலை ஒன்பது மணிக்குக் கண்ணசருமா? ஊரெல்லாம் குடிச்சிருந்தான்னு பேச்சு. அப்பா குடிக்க மாட்டார். ஆனா அதை நான் கிளாஸில் எழுந்து நின்னா சொல்ல முடியும்? "மோனிஷா, ஒங்கப்பா இன்னிக்கு எந்தக் கடையில டீ குடிச்சாரு, பஸ்ஸோட போயா?"ன்னு ஒருத்தி கேட்டாள், நாற்பது பேர் சிரிச்சாங்க, மிஸ்கூட உதட்டை மடிச்சுக்கிட்டாங்க. மறுநாள் நான் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. அப்புறம் போகாமலிருக்கிறது பழகிவிட்டது. எனக்கு அவர் மேல் கோபம் இருக்கு. இப்பவும் இருக்கு. கோபமாக இருக்கிற ஒரு ஆளோட காலை மூணு நாளாக் குனிஞ்சு பார்த்துக்கிட்டே நடக்கிறது என்ன மாதிரியான வேலைன்னு சொல்லத் தெரியவில்லை. கோபம் முழுசாகவும் வர மாட்டேங்குது, போகவும் மாட்டேங்குது. வலது கால். வெள்ளைக் கோட்டில் மிதிச்சார். தெரிஞ்சுவிட்டது. வெள்ளைக் கோட்டில் காசு அளவுக்கு ஒரு சிவப்பு.

வெயில் ஏறிவிட்டது. தை மாச வெயில்தான், இருந்தாலும் தார் ரோடு தார் ரோடுதான். அம்மாவுக்குப் போன் போட்டேன். "கண்ணாடி குத்திக் கிடக்கும்மா, ரத்தம் வருது, அவருக்குத் தெரியல." "குருசாமிட்ட சொல்லுடி." "சொல்லிட்டேன்மா. அவரு கையெடுத்துக் கும்புடுறாரு." அந்தப் பக்கம் மிக்ஸி ஓடுற சத்தம் கேட்டது, அப்புறம் அம்மா, "நீ கொஞ்சம் பாத்துக்கடி"ன்னு வச்சுவிட்டது. பாத்துக்கறது. அதைத்தான் செய்கிறேன், பாத்துக்கிட்டே இருக்கிறேன், பார்த்தால் புண் ஆறுமா? எப்படியாவது அவரை இந்த ரோட்டிலிருந்து இறக்கணும். மயக்கம் போட்டு விழலாமா? விழுந்தால் விபூதி போட்டு எழுப்பிவிடுவாங்க. ஓடிப்போய்விட்டால்? தேடி வருவாரா, நடந்துதானே தேடுவார், அதுக்கும் அதே கால்தான். அப்போதான் அந்த யோசனை வந்தது. நல்ல யோசனைன்னு நினைச்சேன். வயசுக்கு வந்த பெண்ணுக்கு வீட்டுக்குத் தூரம்னா மாலையைக் கழற்றணும், கூட்டத்தில் நிக்கக் கூடாது, ஊருக்குத் திரும்பணும். பதினேழு வயசுப் பிள்ளையைத் தனியாக அனுப்புவாங்களா? அப்பாதான் கூட வரணும். பஸ்ஸில் ஏறினால் நான் ஊரில் இறக்க மாட்டேன், நேரா ஆஸ்பத்திரியில்தான் இறக்குவேன். இந்த ஒரு விஷயத்தில் எந்தச் சாமியும் கேள்வி கேட்காது. பாண்டியம்மா சாமி பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன். "அய்யய்யோ"ன்னு ரெண்டடி தள்ளி நின்னுச்சு. இத்தனை நேரம் என் தோளைப் பிடிச்சிட்டு நடந்த பொம்பளை. "எப்பருந்துடி? என்னையத் தொட்டியா? நீ என்னையத் தொட்டியா, நான் ஒன்னையத் தொட்டனா?" "நீங்கதான் தொட்டீங்க." "முருகா!" இது எந்த வலின்னு தெரியவில்லை. அப்புறம் அதுவே யோசிச்சு முடிவும் பண்ணிவிட்டது. "சரி சரி, அழுவாத. நம்ம சாமான் வேன் பின்னாடி வருதுல்ல, டிரைவர் பொண்டாட்டியும் அதுலதான் இருக்கா. ஒன்னைய ஏத்தி வீட்டுலயே விட்டுட்டு வந்துருவாங்க." "அப்பா?" "அப்பாச் சாமி எதுக்கு? முருகனே அவரு காலப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறான், அவரப் போயித் திருப்புறதா? பாவம் வேணாம்டி நமக்கு." நான் போய்விட்டால் பின்னாடி குனிஞ்சு நடக்க யாரும் இல்லை. பாட்டிலையே முழுசாக மிதிச்சாலும் அவரே பழனியில் போய்த்தான் பார்ப்பார். "இல்ல சாமி, பொய் சொன்னேன்"ன்னேன். "என்னடி?" "வரல. பொய்." என் முகத்தை மேலும் கீழும் பார்த்தது. "இதுலயா பொய் சொல்லுவ? எந்தக் காலத்துப் பிள்ளைடி நீ?" அடுத்த மூணு கிலோமீட்டர் என்கூடப் பேசவில்லை. தோளையும் பிடிக்கவில்லை. அது ஒண்ணுதான் லாபம்.

கோபால்பட்டிக்கு முன்னாடி மோர்ப் பந்தல். நாலைந்து கூட்டம் ஒண்ணா உட்கார்ந்திருக்கு, பச்சை வேட்டி, காவி வேட்டி, ஒரு காவடி தென்னை மரத்தில் சாய்ச்சு வச்சிருக்கு, ஸ்பீக்கரில் காது கிழியுது. அப்பாவை ஒரு நாற்காலியில் உட்கார வச்சுட்டாங்க. மற்றவங்களுக்கெல்லாம் தரை. கையில் மோர் டம்ளர். வலது பாதம் மண்ணில் அழுந்தியிருக்கு, அதனால் யாருக்கும் தெரியவில்லை. நான் குருசாமி முன்னாடி போய் நின்னேன். "சாமி, அவருக்குக் கால்ல ரத்தம் போகுது. ஆஸ்பத்திரிக்குப் போகணும்." "காலையிலயே சொன்னியேம்மா. வலிக்குதுன்னு அவரு சொல்லட்டும், இப்பவே வண்டில ஏத்துறேன். அவருதான ஒண்ணுமில்லங்கிறாரு." "வலிக்காது சாமி, அதான் வியாதியே! அந்தக் கால் செத்துப்போச்சு!" கத்திவிட்டேன். ஸ்பீக்கரையும் மீறி எல்லாரும் திரும்பினாங்க. ஒரு காவி வேட்டி, "பாதயாத்திரையில என்ன பேச்சு பேசுது பாரு பொண்ணு"ன்னுச்சு. நிரூபிச்சிட்டால் நம்புவாங்க. எங்க டிரெஸ்ஸிங் ரூம் ஜெயசீலி சிஸ்டர் அப்படித்தான் செய்வாங்க, சொந்தக்காரங்க நம்பாமல் தகராறு பண்ணினால், ஆளைக் கண்ணை மூடச் சொல்லிக் காலில் ஊசி முனையை வைப்பாங்க, ஆள் அசையாமல் உட்கார்ந்திருப்பார், அதைப் பார்த்த உடனே பொண்டாட்டி பிள்ளைகள் வாயைப் பொத்திக்கிட்டு அழுவாங்க, கையெழுத்துப் போட்டுவிடுவாங்க. ஷாலில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினேன். அப்பா முன்னாடி மண்டி போட்டேன். புண் காலைத் தொட மனசு வரவில்லை, இடது காலை எடுத்து மடியில் வச்சேன். "அப்பா, கண்ண மூடு." "சாமின்னு சொல்லு"ன்னு பின்னாலிருந்து ஒரு குரல். "கண்ண மூடுப்பா!" மூடினார். குதிகாலுக்குப் பக்கத்தில், தோல் மெல்லிசான இடத்தில், ஊக்கைக் குத்தினேன். சும்மா இல்லை, நல்லாவே குத்தினேன். பொட்டு மாதிரி ரத்தம் வந்தது. அப்பா கண்ணை மூடினபடியே ஒரு வாய் மோர் குடிச்சார். "ஆரம்பிச்சிட்டியா?"ன்னு கேட்டார்.

ஒருத்தரும் வாயைப் பொத்தவில்லை. பாண்டியம்மா சாமிதான் முதலில், தன் காலில் குத்தின மாதிரி நெஞ்சைப் பிடிச்சிட்டு "முருகா!"ன்னு அலறிச்சு. அப்புறம் யாரோ அரோகரான்னாங்க. அவ்வளவுதான். பந்தல் முழுக்க அரோகரா, ரோட்டில் போன கூட்டம் நின்னு என்னன்னு கேட்டு அதுவும் அரோகரா. குருசாமி வந்தார். அந்த வீங்கின காலோட, அத்தனை வலியோட மண்டி போட்டு, விபூதியை எடுத்து, நான் குத்தின இடத்தில் பூசி, அப்பா பாதத்தைத் தூக்கித் தன் கண்ணில் ஒத்திக்கிட்டார். அழுகிறார். நடிப்பு இல்லை, நிஜமான அழுகை, மூக்கு ஒழுகுது. "பதினெட்டு வருசமா நடக்குறேன் சாமி. எனக்கு ஒரு நாள், ஒரு நாள்கூட இப்படி எடுத்துக்கலையே"ங்கிறார். அவரைத் திட்டணும்னுதான் நினைச்சேன். எப்படித் திட்டுவேன், அவருக்கு அவ்வளவு வலிக்குது. வரிசை நிக்குது இப்போ. நான் நிரூபிச்சதுக்கு வரிசை. கைக்குழந்தையைக் கொண்டுவந்து அவர் பாதத்தில் கிடத்தினாள் ஒருத்தி. நான் அவள் கையைப் பிடிச்சு, அக்கா, அந்தக் கால்ல சீழ் இருக்கு, பிள்ளைய எடுங்கன்னு சொன்னேன். "நல்லது சொல்லும்மா வாயால"ன்னு என்னைத் தள்ளிவிட்டாள். ஊக்கு இன்னும் என் கையில்தான் இருக்கு. அப்பாவைப் பார்த்தேன். இந்தாளுக்கு இது பிடிச்சிருக்குன்னு அந்த நிமிசம் நான் நினைச்சேன். எத்தனை மாசமாக் குடிகாரன்னு பார்த்த ஊர், இப்போ காலில் விழுது, பிடிக்காமலா இருக்கும். முகம் பெருமையில் இறுகியிருக்குன்னு நினைச்சேன். இறுகித்தான் இருந்தது. அது எதனாலன்னு எனக்கு அப்போ தெரியவில்லை.

அதுக்கப்புறம் நான் குனிஞ்சு நடக்கவில்லை. பார்த்து என்ன ஆகப் போகுது. லாரி போகுது, லாரிக் காத்து ஷாலை இழுக்குது, மாடு ஏத்தின வண்டி, வைக்கோல் வண்டி, திண்டுக்கல் பஸ், திண்டுக்கல் பஸ், திண்டுக்கல் பஸ். ஒவ்வொண்ணிலும் சீட் காலியாக இருக்கு. வெறும் சீட்டை இவ்வளவு ஆசையாக நான் பார்த்ததே இல்லை. யாரும் இல்லாத சீட்டெல்லாம் முக்கால் மணி நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் போய் இறங்கும், நாங்கள் அப்பவும் இதே சாணார்பட்டி ரோட்டில் இதே புளியமரத்தைத் தாண்டிட்டு இருப்போம். எவ்வளவு நேரம் இருக்கு? நேத்துக் குத்தியிருந்தால் இன்னிக்கு வீங்கும். வீங்கினால் காய்ச்சல் வரும். காய்ச்சல் வந்தால் அதையும் அருள்னு சொல்லுவாங்களா? சொல்லுவாங்க. நடுங்கினால் சாமி வந்திருக்குன்னு சொல்லுவாங்க. எனக்குச் சிரிப்பு வந்தது. தனியாகச் சிரிச்சுக்கிட்டு நடந்தேன், அப்புறம் அது சிரிப்பு இல்லைன்னு தெரிஞ்சதும் ஷாலை முகத்தில் போட்டுக்கிட்டேன். கைலியை மடிச்சு ஊக்குப் போட்டிருந்தாரே அவர், அவருக்கும் ஒரு மகள் இருந்திருப்பாள். அவள் என்ன பண்ணியிருப்பாள்? என்னதான் பண்ணியிருக்க முடியும்?

வெயில் சாயும்போது ஒரு சின்னப் பாலம். கூட்டம் முன்னாடி போகட்டும், ஒண்ணுக்குப் போய்விட்டு வர்றேன்னு சொல்லி அப்பா பின்தங்கினார். நானும் நின்னேன். அவர் ஒண்ணுக்கெல்லாம் போகவில்லை. பாலத்துச் சுவரில் உட்கார்ந்து வேட்டியை முட்டி வரைக்கும் தூக்கினார். "மோனி"ன்னார். மாலை போட்டதிலிருந்து முதல் தடவையாக. "அந்த ஊக்கு இருக்கா?" எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "எதுக்கு? இன்னும் யாரு வரணும் கும்புட?" "கத்தாத. ஒக்காரு." உட்காரவில்லை. அவர் ரோட்டைப் பார்த்துக்கிட்டே சொன்னார். "அன்னிக்கு நான் தூங்கல மோனி." எனக்குப் புரியவில்லை. "டீக்கடை. நான் தூங்கல. பிரேக்குலதான் கால் இருக்குன்னு நெனச்சேன். மிதிச்சேன். மிதிச்சுக்கிட்டே இருந்தேன். வண்டி போயிட்டே இருக்கு. குனிஞ்சு பாத்தா கால் பிரேக்குல இல்ல." எங்கே இருந்ததுன்னு கேட்டேன். "தெரியல. எங்கயோ. என் காலு, எங்க இருக்குன்னு எனக்கே தெரியல." ஒரு பஸ் போனது. "அப்புறம் ஏன்ப்பா தூங்கிட்டேன்னு சொன்ன? எல்லாரும் குடிச்சன்னு... எங்க கிளாஸ்ல..." "தூங்கிட்டேன்னா நாளைக்கு முழிச்சிருந்து ஓட்டுவான்னு வண்டி குடுப்பான். காலே தெரியலன்னா எவன் குடுப்பான்? நான் வேற என்ன வேலைடி பாப்பேன்." அப்போ வேண்டுதல் என்னன்னு நான் கேட்கவில்லை, அதுக்குள்ளேயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இருந்தாலும் அவரே சொன்னார். "வலிக்கணும்னுதான் நடக்குறேன். பழனி போறதுக்குள்ள ஒரு தடவ, ஒரே ஒரு தடவ வலிச்சிருச்சுன்னா கால் திரும்பிரும். அங்க எல்லாரும் வந்து விழுறாங்க, எனக்குப் பயமா இருக்கு மோனி." கட்டை அவிழ்த்தது அவர்தான். சொல்லவில்லை, ஆனா இப்போ தெரியுது. கல்லைத் தேடித் தேடி மிதிச்சிருக்கார். பிடிச்சிருக்குன்னு நினைச்சேனே நான். அந்த முகத்தைப் பார்த்துப் பெருமைன்னு நினைச்சேனே.

"குத்து. அதே கால்ல, அதே எடத்துல. அங்க ஒரே சத்தமா இருந்துச்சு, அதான் தெரியலயோ என்னமோ." கண்ணை மூடிக்கிட்டார். நான் கேட்காமலே. இடது காலை எடுத்து மடியில் வச்சேன். சில்லுன்னு இருக்கு, இந்த வெயிலில். அந்தச் சின்னப் பொட்டு, விபூதியோடு காய்ஞ்சுபோயிருக்கு. ஊக்கைத் திறந்தேன். என் கை வரவே இல்லை. முனை தோலுக்கு மேல் நிக்குது, ஒரு நெல்மணி நுழையுற அளவு இடைவெளி இருக்கு, குத்தணும், குத்தினால் ஒண்ணும் இருக்காது, அப்புறம் அவர் கண்ணைத் திறப்பார், அந்தக் கண்ணை நான் பார்க்கணும். குத்தவில்லை. இன்னும் குத்தவில்லை. அப்போ அவர் காலை வெடுக்குன்னு இழுத்தார். "ஆ!"ன்னார். "வலிக்குது! மோனி, வலிக்குதுடி!" கண்ணைத் திறந்துவிட்டார். தண்ணி கொட்டுது. என் கையில் ஊக்கு அப்படியே காத்தில் நிக்குது, அதை அவர் பார்க்கவே இல்லை, காலைப் பார்க்கிறார், தடவுகிறார், சிரிக்கிறார். "சுருக்குன்னு இருந்துச்சுடி. நல்லா சுருக்குன்னு."

நான் மனசில் ஒண்ணை வச்சுக்கிட்டு வெளியே ஒண்ணு பேசுகிற ஆள் இல்லை. என் வாயால்தான் எனக்கு எல்லாக் கெட்ட பேரும். குத்தவே இல்லைப்பான்னு சொல்றதுக்கு ஒரு நொடி ஆகாது. அந்த ஒரு நொடியில் வேற ஒண்ணு தோணிச்சு. இதை வச்சே இறக்கிவிடலாம். "வலிச்சிருச்சுல்ல?"ன்னேன். "வலிச்சிருச்சு." "வேண்டுதல் பலிச்சிருச்சுல்ல?" "பலிச்சிருச்சு மோனி." "அப்ப வா, பஸ் ஏறுவோம். ஆஸ்பத்திரில ஒரு கட்டு போட்டுட்டு மிச்சத்த அப்புறம் பாப்போம்." ஓடிப்போய் ரோட்டில் நின்னு கையைப் போட்டேன். திண்டுக்கல் பஸ் நின்னது. நிஜமாகவே நின்னது, கதவு எனக்கு நேரா, படிக்குப் பக்கத்திலேயே ஒரு சீட் காலி. "வா வா, சீக்கிரம்"ங்கிறார் கண்டக்டர். அப்பா எழுந்து வந்தார். வந்து, கண்டக்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க போங்க சாமி. கேட்டத குடுத்துட்டான். அவன்ட்ட போயி பஸ்ல எறங்குறதா?" "அப்பா, ஏறு!" "இப்பத்தான்டி நடக்கணும். இவ்வளவு நாளு நடந்தது நடையா?" "ஏறுறீங்களா இல்லயாம்மா?" "ஒரு நிமிசம்ணே, ஒரே நிமிசம்." நான் அவர் கையைப் பிடிச்சு இழுக்கிறேன், அவர் அசையவில்லை, கண்டக்டர் விசில் ஊதிவிட்டார், கதவு போகுது, சீட் போகுது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கிட்டு நடக்க ஆரம்பிச்சார். நொண்டுகிறார். இடது காலை நொண்டுகிறார். வலிக்கிற கால்னு அதைப் பாதியாக ஊன்றி, எடையெல்லாம் கண்ணாடி குத்தின வலது கால் மேல் போட்டு, ஒவ்வொரு அடிக்கும் அதை அழுத்தி அழுத்தி மிதிச்சு, சந்தோசமாகப் போகிறார். ரோட்டில் ஒரு பக்கம் மட்டும் ஈரம், அடி விடாமல்.

"நொண்டாதப்பா!" பின்னாடியே ஓடுகிறேன். "அப்பா, நொண்டாம நட!"

திரும்பி என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். "வலிக்குதுல்லடி. எப்படி நொண்டாம இருக்கிறது?"